மேபல் குடித்த தண்ணீர்

வெயில் காயும் அரிசோனாவுக்குத் தேனிலவு போவதென்று கல்யாணத்தன்றே முடிவாகியிருந்தது. குறுக்கே நின்றவை வெண்டெலின் ஆடுகள்.

வடக்கு மிச்சிகன் குளிரில் அவை குடிக்கும் தொட்டித் தண்ணீர் பாறையாகிவிடும். காலையும் மாலையும் வெந்நீர் சுமந்து ஊற்றுவதால், குளிர்காலத்தில் அவன் ஊரைத் தாண்டியதே இல்லை. பக்கத்து வீட்டு லோயிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். “வைக்கோல் போடறேன். வெந்நி தூக்கிட்டு பனியில வழுக்கி விழ நான் தயாரில்ல.”

“தொட்டிக்கு ஹீட்டர் கடையில விக்குதே” என்றான் வெண்டெல்.

“கட்டின பொண்டாட்டி மின்சுற்று வடிவமைக்கிறவ. கடையில வாங்குவியா?” என்று இர்யா முறைத்தாள். குளிர்ந்தால் தானே எரிந்து, சூடானால் அணையும் ஹீட்டர் ஒன்றைச் செய்தாள். அடுக்களையில் அதன் வெப்ப உணரியை விரலால் பிடித்துச் சூடாக்கினாள், விட்டாள். ஹீட்டர் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்து, எரிந்து, சொன்னபடி கேட்டது. பிறகு குமிழைத் திருப்பி, தண்ணீர் உறைவதற்குச் சற்று முன்பே எரியும்படி வைத்து, மாலையில் தொட்டியில் பொருத்தினாள். காலையில் தண்ணீர் உறையாமலிருந்தால் டிக்கெட். உறைந்திருந்தால் பயணம் இல்லை. அதுதான் பேச்சு.

காலையில் கொட்டகைக்கு ஓடினாள். மேபல் என்ற கிழட்டு ஆடு தொட்டியில் முகம் புதைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. இர்யா கத்தியே விட்டாள். கணவனைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் தண்ணீரில் கைவைத்தாள்.

“வெண்டெல், இதுல டீ போடலாம் போலிருக்கே?”

“உன் ஹீட்டருக்கு ஆர்வக்கோளாறு.”

“ஹீட்டர் இவ்வளவு சூடாக விடவே விடாது, முன்னாடியே அணைஞ்சிடும். பனியில உன் பூட்ஸ் தடம் வேற இருக்கு.”

அவன் மேபலைப் பார்த்தான். மேபல் காப்பாற்றவில்லை.

“விடியறப்ப எட்டிப் பார்த்தேன். பாளமா கெடந்துச்சு. நீ பார்த்தா உன் முகம் சுருங்கிடுமேன்னு... உடைச்சு, கெட்டில்ல வெந்நி கொண்டாந்து ஊத்திட்டேன்.”

“அரிசோனாவுக்குப் போயிருந்தா உன் பிள்ளைங்க ஐஸை நக்கிட்டு இருந்திருக்கும்!”

“அவ்வளவு தூரம் யோசிக்கல.”

கோபப்பட நினைத்தாள், வரவில்லை. இத்தனை வருஷம் ஆடுகளை ஒரு வேளைகூடத் தவிக்கவிடாதவன், அவள் முகத்துக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். இதற்கு மேல் என்ன கேட்பது!

தண்ணீர் மறுபடி ஆறட்டும் என்று காத்திருந்தாள். மேலே பனி ஏடு படிந்தது. விளக்கு எரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஆபீஸ்ல யாராவது செஞ்சா சிரிப்பேன். நானே செஞ்சிருக்கேன்.”

“என்ன ஆச்சு?”

“இந்தச் சிப்போட ஒரு கால்ல உணரி, இன்னொரு கால்ல குமிழ். ரெண்டையும் ஒப்பிட்டு, எதுல வோல்ட் அதிகம்னு சொல்லும். நான் குடுத்திருக்கிறது அஞ்சு வோல்ட். அதுல, ரெண்டு காலுமே மூணரைக்கு மேல போயிட்டா இதுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி. வாய்க்கு வந்ததச் சொல்லும். குளிரக் குளிர உணரியோட வோல்ட் ஏறுது. குமிழையும் அந்தக் குளிருக்கே வச்சேன், அதுவும் மேலதான் இருக்கு. அடுக்களையில ரெண்டும் நடுவாந்தரத்துல இருந்துச்சு, நான் ஏமாந்துட்டேன்.”

“பெரிய பேட்டரி போடேன்.”

“வேணாம். உணரியையும் அதுக்கு மேல தொடுத்திருக்கற மின்தடையையும் இடம் மாத்தினா, குளிர்ல வோல்ட் ஏறாம இறங்கும். வோல்ட் கீழ இருந்தா சிப்புக்குக் கண்ணு நல்லாத் தெரியும். விளக்கு தலைகீழா எரியாம இருக்க, சிப்போட ரெண்டு கால் இணைப்பையும் மாத்திட்டாப் போதும்.”

அங்கேயே வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து கம்பிகளை மாற்றி ஈயத்தால் பற்றவைத்தாள். அவன் கைவிளக்கைப் பிடித்தான். இந்தமுறை குமிழைத் திருப்பியதும் பனிக்கட்டி மிதக்கும் வாளியில் உணரியை முக்கி, விளக்கு எரிவதைப் பார்த்த பிறகே தொட்டியில் பொருத்தினாள்.

அன்று மாலை கெட்டிலைத் தன் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினாள்.

“என்மேல இவ்வளவு நம்பிக்கையா?”

“உன் மனசுமேல கொஞ்சமும் இல்ல.”

மறுநாள் காலை அவன் அடுக்களை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தான். வாசலில் புதுப் பனி, ஒரு தடம்கூட இல்லை. கொட்டகை ஜன்னலுக்குள் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது. இருவரும் போய்ப் பார்த்தபோது தண்ணீர் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சியில், ஆனால் அலையடித்துக்கொண்டு கிடந்தது. மேபல் குடித்துவிட்டு அவன் கோட்டில் வாயைத் துடைத்தது.

அவன் கோட்டைத் துடைத்துக்கொண்டான். பிறகு, “அங்க வெயில்ல என்ன போட்டுக்கறது? எங்கிட்ட கம்பளிதானே இருக்கு” என்றான்.

இர்யாவுக்குக் கண் கரித்தது. “வாங்கிக்கலாம்.”

“சரி, கெட்டிலக் குடு. காபி போடணும்.”

“முதல்ல டிக்கெட்ட வாங்கு. தர்றேன்.”