ஒரே கையெழுத்தில் போன கடிதங்கள்

மார்ச் 11, செவ்வாய்.

சின்னத் தவறு ஒன்று செய்திருக்கிறேன். 'சின்ன' என்பதை மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன்.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர் தபால் நிலையத்தில் என் கவுன்டருக்கு வந்து, வீடு மாறுகிறோம், தபால்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும் என்று படிவம் நீட்டினார். அதில் அவர் பெயரும் மனைவி பெயரும் இருந்தன, கையெழுத்து ஒன்றுதான். வயது வந்த ஒவ்வொருவரும் தனியாகக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. மனைவி வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வரிசை வாசல்வரை நின்றது. முத்திரை குத்திவிட்டேன்.

இன்று அந்த மனைவி வந்தார். தையல்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவர் வீடே மாறவில்லை. கணவர்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கில் விசாரணைத் தேதி தபாலில் வரும் என்று காத்திருந்தாராம்.

"விளம்பர நோட்டீஸ்கூட எனக்கு வரலம்மா. ஊரே என்னை மறந்துடுச்சோன்னு நெனச்சேன்."

கணினியில் பார்த்தேன். நீதிமன்ற உறை எட்டு நாளுக்கு முன் புது முகவரிக்குப் போயிருக்கிறது. வாங்கிக் கையெழுத்திட்டவர் கணவர்.

கவுன்டரில் நின்றபடியே நீதிமன்றத்துக்குப் போன் செய்தார். விசாரணை நேற்று முடிந்துவிட்டது. மகள் அப்பாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவு. கடிதம் கைக்கு வரவில்லை என்று ஏழு நாளுக்குள் தபால் நிலையத்தில் எழுதி வாங்கி வந்தால் வழக்கை மறுபடி விசாரிப்பார்களாம்.

மேலாளரிடம் ஓடினேன். எதற்கெடுத்தாலும் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'மேலிடம்'. இன்றும் மேலிடத்தைக் கேட்காமல் ஒரு வரி தர முடியாது, பதில் வர மூன்று வாரம் ஆகும் என்றார். படிவத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

இதைத் தையல்காரரிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை.

"தப்பாத் தைச்சா நான் பிரிச்சுத் தைச்சுக் குடுத்துடுவேன். நீ எதைம்மா பிரிப்பே?"

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலைநேரச் சட்ட வகுப்பில் ஆசிரியரிடம் யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன். அலுவலக முத்திரை இல்லாத வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்றாலும் ஏற்கலாம், தள்ளினாலும் தள்ளலாம். எழுதியவருக்கு வேலை போவது மட்டும் உறுதி என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதிய என் வாக்குமூலம் ஒரு பக்கம் வந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேனா என்று ஐந்து முறை படித்தேன்.

நாளை: விடுப்புக் கடிதம் கொடுப்பது. அடையாள அட்டை எடுத்துக்கொள்வது. பத்து மணிக்கு நீதிமன்ற வாசலில் தையல்காரரைப் பார்த்து, அவர் எதிரிலேயே கையெழுத்திடுவது.