ஒரே தடம், இரண்டு பதில்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார இடமில்லை. பெயின்டரின் மனைவி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள்.

"உக்காருங்க மேடம். நீங்க பேசினா அவரை விட்டுருவாங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க."

பேராசிரியை பட்டும் படாமல் உட்கார்ந்தாள். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. நான் பொதுவாத்தான் பேசுவேன்."

"பொதுவாவே பேசுங்க. அவர் அந்த குடோன் பக்கமே போகல."

குடோனில் காவலாளி அடிபட்டுச் செத்துக் கிடந்தார். தரைத் தூசியில் ஒரு ஷூ தடம். அது பெயின்டரின் ஷூவோடு பொருந்துகிறது என்று தடயவியல் கூடத்து நிபுணர் எழுதிக் கொடுத்திருந்தார். அடி தாங்காமல் போலீஸில் அவன் ஒப்புக்கொண்டதை நீதிபதி ஏற்கவில்லை. ஆக, மிச்சம் இருந்தது அந்தத் தடம் மட்டும்தான். ஆனால் 'ஒப்புக்கொண்டவனின் ஷூ' என்ற குறிப்போடுதான் அது நிபுணரின் மேஜைக்கே போயிருந்தது.

அந்த நிபுணரைத் துறையில் எல்லோரும் லென்ஸ் என்பார்கள். கல்லூரியில் பேராசிரியைக்கு மூத்தவர். அவளுடைய ஆராய்ச்சியே அவரால்தான் நடந்தது. வழக்கின் கதை முன்பே தெரிந்தால் தடம் பார்க்கிறவரின் கண் மாறுமா என்பது அவள் கேள்வி. நிபுணர்களிடம் ஒரே தடத்தை, சில மாதம் இடைவெளி விட்டு, இரண்டு தரம் கொடுத்தாள். ஒரு தரம் 'ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான்' என்ற குறிப்போடு. இன்னொரு தரம் 'ஆள் அன்று ஊரிலேயே இல்லை' என்ற குறிப்போடு. இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் சொல்லவில்லை.

முதலில் ஒருவரும் சிக்கவில்லை. "எங்களுக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லென்ஸ்தான் ஒவ்வொருவராகப் பேசிப் பிடித்துக் கொடுத்தார். யாருடைய முடிவையும் வெளியே விடமாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அவரவர் முடிவை அவரவர் கேட்டால் மட்டும் சொல்லலாம். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பாதிப் பேருக்கு மேல் பதிலை மாற்றியிருந்தார்கள். லென்ஸும் மாற்றியிருந்தார்.

சாட்சிக் கூண்டில் அவள் பொதுக்கணக்கை மட்டும் சொன்னாள். அரசு வக்கீல் சிரித்தார்.

"மத்தவங்க மாத்தலையே மேடம்? நம்ம நிபுணர் அந்த நல்ல கூட்டத்துல ஒருத்தரா இருக்கலாமில்ல?"

"அதை நான் சொல்லக் கூடாது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஐயா. சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"அதை உடைக்கச் சொல்லி நான் உத்தரவு போடப் போறதில்ல. ஆனா ஊர்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல்னு சொன்னா, இவருக்கும் காய்ச்சல்னு நான் எழுத முடியுமாம்மா?"

அறையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. இத்தனை வருட உழைப்பு ஒரு காய்ச்சலாகிப் போனது.

அடுத்து லென்ஸை மறுபடி அழைத்தார்கள். வக்கீலம்மா எழுந்தாள்.

"அந்த ஆராய்ச்சியில நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"உங்க முடிவைக் கேட்டீங்களா?"

"எதுக்கு? என் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"இப்பக் கேளுங்களேன். அவங்க பின்னாடிதான் உக்காந்திருக்காங்க."

அரசு வக்கீல் குதித்தார். சாட்சியை அப்படி வற்புறுத்தக் கூடாது என்றார் நீதிபதி. சாப்பாட்டு இடைவேளை வந்தது.

டீ மெஷின் பக்கத்தில் லென்ஸே வந்து நின்றார். "என்ன தங்கச்சி, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? சாப்பிட்டியா?"

"அண்ணே, கேளுங்க. நீங்க கேட்டாத்தான் நான் வாயைத் திறக்க முடியும்."

"இந்த வயசுல மார்க் ஷீட் வாங்கிட்டு எங்க வேலைக்குப் போகப் போறேன்?"

"உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான் அண்ணே."

அவர் டீயை ஊதுவதை நிறுத்தினார். "சரி, சொல்லித் தொலை."

"கேக்கறீங்களா?"

"கேக்கறேன் தாயே, கேக்கறேன்."

"குதிகால்ல வெட்டு இருந்த தடம், ஞாபகம் இருக்கா? முதல்ல பொருந்துதுன்னு எழுதினீங்க. அடுத்த தரம் பொருந்தலைன்னு எழுதினீங்க."

"அது வேற தடம்மா. வெட்டு கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. நான் அளந்தேன்."

"ஒரே போட்டோ அண்ணே."

"அளந்தேன்ங்கறேன்."

"அளந்தீங்க. ரெண்டு தரமும் அளந்தீங்க."

அவர் தம்ளரை மெஷின் மேல் வைத்தார். கைக்குட்டையை எடுத்தார், எதையும் துடைக்காமல் மறுபடி பைக்குள் வைத்தார். "வக்கீல்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"சொன்னா, நான் இதுவரைக்கும் பார்த்த கேஸ் அத்தனையும் தோண்டுவானுங்க. எவன் எவன் உள்ள கிடக்கறான்னு தெரியுமா உனக்கு?"

"தோண்டட்டுமே!"

"உனக்கென்ன, கட்டுரை எழுதிட்டுப் போயிடுவ." அவர் நடந்தார். டீ அப்படியே இருந்தது.

இடைவேளை முடிந்தது. வக்கீலம்மாவிடம் வேறு கேள்வி இல்லை. டீ மெஷின் பக்கம் நடந்தது அவளுக்குத் தெரியாது. பின்னாலேயே உட்கார்ந்திருந்தும் பேராசிரியையால் ஒரு சீட்டில் கிறுக்கிக்கூடக் கொடுக்க முடியாது. நீதிபதி லென்ஸைப் பார்த்தார்.

"போறதுக்கு முன்னாடி, உங்க கருத்துல மாத்தறதுக்கு ஏதாவது இருக்கா?"

பேராசிரியை முன்னால் குனிந்தாள். லென்ஸ் தண்ணீர் கேட்டார். குடித்தார். பெயின்டரின் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லைங்க ஐயா. பொருந்துது."

அவர் அவளைக் கடந்து வெளியே போனார். அவர் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. எழுந்து கத்திவிடலாம் போலிருந்தது அவளுக்கு. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கைத் தீர்ப்புக்கு ஒத்திவைத்தார்கள்.

தாழ்வாரத்தில் பெயின்டரின் மனைவி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"பொருந்துதுன்னே சொல்லிட்டாரே மேடம். உங்களுக்குத் தெரிஞ்சவர்னு வக்கீலம்மா சொன்னாங்க. நீங்க அவர்கிட்டக் கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியாச்சு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைக்கூட அவள் சொல்லக் கூடாது.