ஆறு பஸ் தூரம்

இரண்டாவது தடவையாக எஞ்சின் நின்றபோது என் உடம்பில் பாதி எஞ்சின் பெட்டிக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடந்தது. ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் குரல் இறங்கியது, பிறகு இரண்டு தரம் இருமியது, மூன்றாவது இருமலில் அடங்கிவிட்டது. இப்படி நிற்கும் எஞ்சின்களை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக பஸ் டிப்போவில் டீசலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். இது உடைந்து நிற்கவில்லை, டீசல் கிடைக்காத பட்டினியில் நிற்கிறது. அது வரைக்கும் தெரிந்தது. ஏன் பட்டினி என்பதுதான் தெரியவில்லை.

"எவ்வளவு தூரம்?" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

படகின் முன்நுனியில் நீளக் கழியோடு நின்றிருந்த நாத்தனார், "எனக்கு இந்த மீட்டர் கணக்கெல்லாம் வராது அண்ணி!" என்றாள்.

"பஸ் கணக்குல சொல்லு. கல்லுக்கும் நமக்கும் நடுவுல எத்தனை பஸ் நிக்கும்?"

பஸ் பஸ்ஸாக எண்ணியிருப்பாள் போலிருக்கிறது. "ஆறு!"

ஆறு பஸ். துறைமுக வாயின் இரண்டு பக்கமும் அலையைத் தடுக்கக் கொட்டி வைத்திருக்கும் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. காற்று விழுந்து அரை மணி ஆகிவிட்டது. மேலே பாய், காயப்போட்ட போர்வையைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுதான் நின்றதே தவிர அலை நிற்கவில்லை. ஒவ்வொரு அலையும் எங்களைத் தூக்கி, கல் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போயிற்று. நங்கூரத்தைப் போட்டுப் பார்த்தாயிற்று. அடியில் வெறும் பாறை, பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே கூட வந்தது. துறைமுகத்துக்குப் போன் செய்ததில், இழுவைப் படகு வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். நாத்தனாருக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை போட்டிருந்தாள், ஆனால் அந்தக் கற்களுக்கு நடுவில் மிதவைச் சட்டை யாரைக் காப்பாற்றும்? அவளைக் கட்டாயப்படுத்தி அழைத்து வந்ததே நான்தான்.

படகு என் வீட்டுக்காரருடையது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். நாள் முழுக்க ஒரு வில்லையை விளக்கில் காட்டிக் காட்டி, பார்வைக்கே தெரியாத பிசிறை எல்லாம் தேய்த்து எடுக்கிற கை. கைவிடப்பட்டுக் கிடந்த இந்தப் பழைய படகை அதே கையால் நாலு வருஷம் தேய்த்துத் தேய்த்து ஆளாக்கினார். மரவேலை, பாய், கயிறு எல்லாம் அவர் பொறுப்பு. எஞ்சின் மட்டும் என் பொறுப்பு. போன மழைக்காலத்தில் டீசலுக்குள் கடல்தண்ணீர் புகுந்து, டாங்கை இறக்கி நான் இரண்டு நாள் கழுவினேன். அதன் பிறகு படகு வெளியே வருவது இன்றைக்குத்தான்.

"காலையில நான் ஒண்ணு..." என்று மேலிருந்து அவர் குரல் வந்தது. சுக்கானைப் பிடித்தபடி குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை பார்க்கும்போது பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். ஃபில்டருக்குக் கீழே இருந்த கண்ணாடிக் கிண்ணத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். டீசல் பளிச்சென்று இருந்தது. தண்ணீரும் இல்லை, கசடும் இல்லை. ஃபில்டர் போன வாரம் நானே மாற்றியது. அப்படியானால் எங்கோ காற்று இழுக்கிறது. குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை, கசிவு இல்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்ப்பின் கைப்பிடியை விரலால் அடித்தேன். முதல் தடவை நின்றபோது இப்படித்தான் ஏர் எடுத்தேன், குழாயில் அடைபட்ட காற்று நுரை நுரையாக வந்து பிறகு சுத்தமான டீசல் வந்தது, எஞ்சினும் நாலு நிமிஷம் ஓடியது. இப்போது கைப்பிடி கனத்தது. டீசல் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"அஞ்சு பஸ் அண்ணி! இல்ல, நாலரை!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். "டீசல் எங்க போட்டீங்க? வழியில கண்ட கண்ட கேன்ல வாங்கி ஊத்தினீங்களா?" என்று அவர் தங்கை காதில் விழும்படியே கேட்டேன்.

"எப்பவும் போடற இடத்துலதான். டாங்க் ஃபுல்லா போட்டேன். போட்டுட்டு அந்த..."

"ஃபுல்லா போட்டீங்கன்னா போதும். கதை வேண்டாம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்தில் அவர் எத்தனை வாக்கியங்களை இப்படிப் பாதியில் விழுங்கியிருப்பார் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. நல்ல மனுஷன், எதிர்த்துப் பேச மாட்டார் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பம்ப்பே செத்துவிட்டதோ என்று தோன்றியது. செத்திருந்தால் இங்கே மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஸ்பேனர் நழுவி எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தண்ணீருக்குள் விழுந்தது. தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். வெளியே அலை கல்லில் மோதும் சத்தம் இப்போது படகின் மரத்தின் வழியாகவே கேட்டது. ஒவ்வொரு மோதலுக்கும் பிறகு, தண்ணீர் கற்களின் இடுக்கிலிருந்து வடிந்து இறங்கும் ஒரு நீண்ட சத்தம்.

"மூணு!" நாத்தனாரின் குரல் உடைந்திருந்தது. "அண்ணி, மூணு பஸ்தான் இருக்கு!"

"நான் என்ன சொல்றேன்னா..." என்றார் அவர்.

"ஐயோ, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்!"

அப்போது நாத்தனார் போட்ட கூச்சலை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "அண்ணி! அவன் மூணு தடவையா என்னமோ சொல்ல வர்றான். ஒரே ஒரு தடவை அவனைப் பேச விடுங்களேன்! சாகறதுக்கு முன்னாடி நானாவது கேட்டுட்டுப் போறேன்!"

நான் பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம், தப்பு செய்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற முகமாகிவிட்டது. என்னைக் கண்டால் இப்படியா ஆகிறது இந்த முகம்? இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

"சொல்லுங்க."

"பின்னாடி அந்த ஓட்டை. காலையில பாய் விரிச்சதும் அடைச்சேன். நீதானே அன்னிக்கு, அது வழியாத்தான் தண்ணி போகுது, அடைச்சுத் தொலைங்கன்னு சொன்ன. அதான் கட்டையில ஒண்ணு செதுக்கி வச்சிருந்தேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்னமோன்னு..."

அவர் சொன்னது டாங்கின் காற்று ஓட்டை. டாங்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே போயாக வேண்டும். போகிற ஒரே வழி அந்த ஓட்டை. அன்றைக்கு உப்புத்தண்ணீரில் கை வெந்துபோன ஆத்திரத்தில் ஏதோ சொன்னேன், சொன்ன நிமிஷமே மறந்தும் போனேன். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, லென்ஸ் தேய்க்கிற கையால், காற்று கூட நுழையாத ஒரு அடைப்பானைச் செதுக்கியிருக்கிறார்.

"பிடுங்குங்க! சீக்கிரம்!"

சுக்கானை விட்டுவிட்டுப் பின்பக்க விளிம்பில் குப்புறப் படுத்தார். அடைப்பான் இறுகியிருந்தது. அவர் காலை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு தரம் இழுத்தார், மூன்றாவது தரம் வந்துவிட்டது. உள்ளே போகும் காற்றின் சத்தம் எனக்கே கேட்டது. டாங்க் நீளமாக, நிறுத்தாமல் மூச்சு இழுத்தது.

"ஒண்ணரை!"

பெட்டிக்குள் பாய்ந்தேன். பம்ப் கைப்பிடி இப்போது இலகுவாக ஆடியது. நுரை, நுரை, நுரை, பிறகு விரலெல்லாம் வழியும் சுத்தமான டீசல். ஸ்க்ரூவை இறுக்கினேன். "சாவியைத் திருப்புங்க!" எஞ்சின் இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடியும். நாத்தனார் கழியைக் கல்லில் ஊன்றி, அழுதுகொண்டே தள்ளும் சத்தம் கேட்டது. மூன்றாவது திருப்பலில் ஒரு உதறல், கரும்புகை, பிறகு அந்தத் தடதடப்பு. அவர் ரிவர்ஸில் போட்டார். படகின் மூக்கு ஏதோ ஒன்றில் உரசியது, மரம் கிறீச்சிட்டது. அப்புறம் உரசல் நின்றுவிட்டது. அவர் முன்பக்கம் ஓடிப்போய் நங்கூரத்தை இழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மெல்லத் துறைக்குள் போய்ச் சேர்ந்தோம். கயிறு கட்டினதும் நாத்தனார் இறங்கி, பலகைத் தரையில் வெயிலிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள். பக்கத்தில் கழி கிடந்தது. அதன் நுனி நார் நாராகப் பிய்ந்திருந்தது. பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்றார். அவள் படுத்தபடியே கையை ஆட்டி அவரை அனுப்பிவிட்டாள்.

எஞ்சினை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அவர் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரல் அளவே இருந்த அந்த அடைப்பானை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, லென்ஸைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிசிறு இல்லை அதில்.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தார். பிறகு வழக்கம்போல நிறுத்தி, நான் ஏதாவது சொல்லப் போகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

என் வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து. எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தேன். துடைத்து முடித்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

படகின் பின்னால் புகைக்குழாய் விட்டு விட்டுத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், அடைப்பானைப் பார்த்தார். நான் வேஸ்ட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.