ஒரே துண்டு

சின்னப்பன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஊரப்பாக்கத்தில் இன்னும் மனை ஆகாமல் மிச்சமிருப்பது அவருடைய கொய்யாத் தோப்பு. மருந்து விற்கிறவனோ இடம் கேட்கிறவனோ வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவார். காட்டாங்குளத்தூர் காலேஜில் பூஞ்சை நோய் ஆராய்கிற மகள் ஜெரூஷா மைக்ராஸ்கோப்போடு வந்தபோதும் அதே முகம்தான்.

மறுநாள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததை ஆண்டவருக்குப் படைத்து ஏலம் விடுவார்கள். போன வருஷம் இவர் கூடையை எடுத்த செல்வமேரி வீட்டில் வாரம் திரும்புவதற்குள் அத்தனையும் கறுத்துப்போனது. சபையே சிரித்தது. இந்த வருஷமும் அப்படியானால் அங்கே தலைகாட்ட முடியாது.

"ஒரு புள்ளியாவது கீதா பாரு," என்று ஏலத்துக்குப் பறித்து வைத்திருந்த கூடையை மகள் பக்கம் நகர்த்தினார்.

ஜெரூஷா ஒரு பழத்தில் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து, கண்ணாடித் தகட்டில் பதித்துப் பார்த்தாள். "பூஞ்சை வித்து நிறைய இருக்குப்பா. கண்ணுக்குத் தெரியாது."

"புளுகாத. உன் மிஷின்ல தூசி."

"நீங்களே பாருங்க."

பார்த்தார். அரிசி இறைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மரத்தில் புதிதாகப் பறித்த ஒன்று, கூடையிலிருந்து ஒன்று என எடுத்து முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து நீட்டினார். "எது எங்கேர்ந்து வந்துச்சு? சொல்லு."

டேப் ஒட்டிப் பார்த்தவள், "இது சுத்தம், மரத்தோடது. இது கூடையோடது," என்றாள். "நடுவுல என்ன பண்றீங்க?"

"இன்னா பண்றேன்? ஆண்டவருக்குப் போறதாச்சேன்னு ஈரத் துண்டால பளபளன்னு தொடைக்கிறேன்."

"எல்லாத்தையும் ஒரே துண்டாலயா?"

அவர் தோளில் கிடந்த துண்டை உருவி அதிலும் டேப்பை ஒட்டினாள். இம்முறை அவரே போய்க் குனிந்தார். கண்ணாடி முழுக்க அரிசி. ஏதோ ஒரு பழத்தில் இருந்த சீக்கைக் கூடை முழுக்கப் பூசியது அவர் கைதான்.

"அடப் பாவமே," என்றார். அந்தக் கூடையைக் குழி வெட்டிப் புதைத்தார்.

காலையில் ஜெரூஷா மரம் மரமாகப் பார்த்துக் காட்டியதை மட்டும் பறித்தார். துடைக்கவில்லை.

ஏலம் விட்ட ஜீவானந்தம் கூடையைத் தூக்கி, "இன்னாண்ணா, மண்ணும் தூசியுமா கீது? தொடைக்கக்கூட நேரமில்லையா?" என்றார். கூட்டம் சிரித்தது.

"தொடைக்காததுதான்யா விசேஷம்! என் பொண்ணு மைக்ராஸ்கோப்ல பாத்துக் குடுத்தது. சந்தேகம்னா அவளை டெஸ்ட் பண்ணிப் பாரு. நான் பண்ணிட்டேன்."

முதலில் கையைத் தூக்கியது செல்வமேரிதான். பெண்கள் வரிசையில் ஜெரூஷா வெட்கத்தில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னப்பன் எழுந்து நின்று, பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று, இன்னொரு தரம் கத்தினார்: "என் பொண்ணு!"