முக்கினவரும் தூக்கினவரும்

மிச்சம் என்ற ஊரில் இருந்த ஒரு சின்னத் தமிழ் பப்டிஸ்ட் சபையின் போதகர் 1991இல் இளைப்பாறிவிட்டார். புதியவர் கிடைக்கும்வரை வந்து நில்லுங்கள் என்று என் கணவரைக் கூப்பிட்டார்கள். இவரோ மெதடிஸ்த போதகர். குழந்தைகளின் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தே பழகியவர். பப்டிஸ்ட்காரர் வளர்ந்தவர்களைத் தொட்டியில் முழுதாக முக்கி எடுப்பவர்கள். கொஞ்ச நாள்தானே, பிரசங்கம் செய்துவிட்டு வரட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அந்தச் சபைக்கு வந்துகொண்டிருந்த டொலறஸ் என்ற இளம்பெண் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டதும்தான் சிக்கல் தொடங்கியது.

"ஐயா, எனக்கு முழுக்கு ஞானஸ்நானம் தரவேணும்."

"நீங்கள் கத்தோலிக்கப் பிள்ளையெல்லோ? குழந்தையிலயே தந்திருப்பினமே."

"ஓம், தந்தவை. அப்ப நான் கத்தி அழுதனானாம். இப்ப நானா 'ஓம்' எண்டு சொல்லவேணும் போல கிடக்கு."

"ஒருக்காத் தந்ததைத் திரும்பத் தர என்னால ஏலாது, பிள்ளை. அது எங்கட சபைக்கு நான் குடுத்த வாக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவல் வீட்டில் இருந்துகொண்டு சட்டம் பேசுகிறாரே இந்த மனுசர்! ஆனால் வாக்கை மீறினால் அவருக்குச் சோறு இறங்காது என்பதும் கட்டிக்கொண்ட எனக்குத் தெரியும்.

சபையின் உதவி ஊழியரான டீக்கன் தம்பையா வழி சொன்னார். "எங்கட முறையில போதகர்தான் குடுக்கவேணுமெண்டில்லை. நான் முக்கிறன். நீங்கள் கரையில நிண்டு செபியுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மேடைப் பலகைகளைக் கழற்றி, கீழே இருந்த தொட்டியை நிரப்பினார்கள். இவர் கோட்டும் ரையுமாகக் கரையில் நின்றார். தம்பையா வசனத்தைச் சொல்லி டொலறஸை மல்லாக்கச் சாய்த்தார். அவள் தண்ணீருக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து தம்பையாவின் நாரி இடுப்போடு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, அவளைத் தூக்கவும் முடியவில்லை. "ஐயோ!" என்று கத்தினார்.

தொபுக்கென்று ஒரு சத்தம். சப்பாத்தோடு குதித்த என் கணவர் டொலறஸை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார்.

"போதகர் மெதடிஸ்தத்துக்கு முழுக்குப் போட்டிட்டாரப்பா!" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சபையே சிரித்தது. நானும்தான்.

டொலறஸ் முகத்தை வழித்துக்கொண்டு கேட்டாள். "அப்ப எனக்கு ஞானஸ்நானம் தந்தது ஆர், ஐயா?"

சிரிப்பு அடங்கியது. தம்பையாவைக் கைகாட்டிவிட்டு இவர் தப்பியிருக்கலாம்.

"முக்கினது அவர், பிள்ளை. தூக்கினது நான். தூக்காட்டி அது ஞானஸ்நானமே இல்லை."

படியேறி வந்தவர் என்னிடம், "வாக்கை மீறினதை எங்கட மெதடிஸ்த சபைத் தலைவருக்கு நானே சொல்லுறன்" என்றார். குரலில் பயமே இல்லை. அவ்வளவு பேருக்கு முன்னால், அந்த ஈரத்தோடேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.