கனிசியசின் ஓதமும் பாலன் குடிலின் செம்மறியும்

கனிசியசின் வாய்க்குப் பயப்படாத ஆள் குருநகர்க் கரையில் ஒருத்திதான். அவரைக் கட்டியவள், மார்கிரட். கடலில் வலை கல்லில் மாட்டினால் அவர் பேசுகிற தூசணத்தைக் கேட்டு மீன்களே வெட்கப்பட்டு வலைக்குள் வந்து விழும் என்று கரையில் பகிடியாகச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட வாய், வீட்டுப் படலையைத் தாண்டியதும் காற்றுப் போன பேத்தை மீன் மாதிரிச் சப்பளிந்துவிடும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கடைசியில் அந்த வாய்க்குக் கடலும் இல்லை. சண்டை நடந்ததால் மீன்பிடிக்கத் தடை. இறங்கினால் நேவிக்காரன் சுடுவான். வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு ஆம்பிளைகள் எல்லாரும் நாள் முழுக்க வெறும் வாயை மென்றுகொண்டிருந்த காலம் அது.

மார்கிரட்டுக்கு வேலைக்குக் குறைவில்லை. கொக்கி ஊசியும் நூலும் கையில் இருந்தால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். கோவில் பீடத்து விரிப்பின் கரைப் பின்னல் அவளுடையது. சுவாமியாரின் மேசை விரிப்பு, தண்ணீர்ச் செம்பின் மூடி, எல்லாம் அவளுடையவை. அந்தப் பெருமையைத் தாங்க முடியாத ஒருத்தியும் ஊரில் இருந்தாள். மாதர் சங்கத் தலைவி இராசாத்தி.

யேசு பாலன் பிறந்த நத்தார் நாள் நெருங்கிய ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பாலன் குடில் பற்றிய கூட்டம் நடந்தது. குடிலின் செம்மறிச் சுரூபத்துக்கு இரண்டு வருடத்துக்கு முன்னர் ஷெல் விழுந்து கூரை சரிந்தபோது தலை போயிருந்தது. சீமெந்து வைத்து ஒட்டிய புண்ணியவான் தலையைப் பின்பக்கமாக ஒட்டிவிட்டார். போன நத்தாருக்கு மூன்று இராசாக்களும் பாலனைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, செம்மறி மட்டும் ஆரோ வரப்போகிறார்கள் என்பது போலக் கோவில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இந்த முறை அதை வைக்கேலாது. சனம் பூசை நேரம் சிரிக்குது" என்றார் சுவாமியார்.

"எங்கடை வீட்டிலை ஒரு பிளாஸ்ரிக் நாய் கிடக்கு, சுவாமி. வெள்ளைதான். தூரத்திலை பாத்தால் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் இராசாத்தி.

மார்கிரட் எழுந்துவிட்டாள். "பாலனுக்குப் பக்கத்திலை நாயோ? நான் பின்னித் தாறன் சுவாமி. உயிருள்ள செம்மறி மாதிரி, உள்ளுக்குப் பஞ்சு அடைச்சு."

"அது லேஸ் பின்னுற மாதிரியில்லை, மார்கிரட்" என்றாள் இராசாத்தி, தேன் ஒழுகும் குரலில்.

"பாப்பம்" என்றாள் மார்கிரட்.

வீட்டுக்கு வந்த கையோடு, யேர்மனியில் இருக்கும் தம்பி அனுப்பிய வெள்ளைச் சுவெற்றரைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றினாள். யாழ்ப்பாணத்து வெக்கையில் அந்தச் சுவெற்றரை ஒருவரும் போட்டதில்லை. பெட்டிக்குள் பாச்சாவுருண்டையோடு கிடந்த அதற்கு இப்போதுதான் ஒரு வாழ்வு வந்தது. மறுநாள் காலை குண்டு போடும் பொம்மர் வந்தது. எல்லாரும் வளவில் வெட்டிய பங்கருக்குள் குதித்தார்கள். நூல் உருண்டையை விட மனமில்லாமல் அதை அணைத்துக்கொண்டு குதித்த மார்கிரட், ஒரு கையை மட்டும் ஊன்றி விழுந்தாள். குண்டு எங்கேயோ கடலில் விழுந்தது. மார்கிரட்டின் வலது மணிக்கட்டு முறிந்தது.

முறிவுக்குப் பத்துப் போடுகிற பரியாரி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டு, "நத்தார் கழியும் வரைக்கும் ஒரு சோத்துப் பருக்கையும் தூக்கக் கூடாது" என்றார்.

அன்று முழுக்க மார்கிரட் ஒன்றும் பேசவில்லை. கனிசியஸ் பயந்துபோனார். அவள் திட்டினால் அவருக்குப் பழக்கம். பேசாமல் இருந்தால் என்ன செய்வதென்று தெரியாது.

"சுவாமியாரிட்டைச் சொல்லுவம். கை முறிஞ்சால் ஆர் என்ன செய்யிறது?" என்றார்.

"சொல்லுங்கோ. நாளைக்கே அந்த நாய் குடிலுக்குள்ளை ஏறியிடும். அவள் அதுக்கு றிபனும் கட்டி விடுவாள்." பிறகு அவள் பார்வை அவருடைய கைகளில் போய் நின்றது. தடித்த, தழும்பேறிய, சிறு வயதில் இருந்து வலை முடிந்த கைகள். "இஞ்சாருங்கோ" என்றாள்.

அந்த 'இஞ்சாருங்கோ'வின் இழுவையைக் கேட்டதும் கனிசியஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"எனக்கு உது தெரியாது, மார்கிரட்!"

"வலை முடியத் தெரியும்தானே. அதுவும் கண்ணி, இதுவும் கண்ணி. நான் சொல்லச் சொல்ல நீங்கள் பின்னுங்கோ. ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது."

கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினார்கள். கொக்கி ஊசி கனிசியசின் விரல்களுக்குள் நெத்தலி மாதிரி வழுக்கியது. வலைக்கு முடிச்சை இறுக்கிப் பழகிய கை, கம்பளி நூலையும் அப்படியே இறுக்கியது. தலை பின்னி முடிந்தபோது அதைத் தட்டினால் 'டொக்' என்றது.

"இது என்ன, தேங்காயோ? சுறாவுக்கே வலை போடுறியள்? அவிழுங்கோ!"

அவர் அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டு ஒரு தூசணம் சொன்னார்.

"செம்மறியைப் பின்னிக்கொண்டு என்ன கதை உது? ஒவ்வொரு தூசணத்துக்கும் ஒரு அருள் நிறைந்த மரியாயே சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் இருந்து கேட்ட செபம் கன்னியர் மடத்திலும் கேட்டிருக்காது. பின்னல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கண்ணி கூட்டினால் அகலும், குறைத்தால் ஒடுங்கும் என்பது கனிசியசுக்கு விளங்கியதும், அவர் தன்னை அறியாமல் நாக்கை வாயோரத்தில் கடித்துக்கொண்டு பின்னத் தொடங்கினார். வயிறு உருண்டு வருவதைப் பார்க்க அவருக்கே ஆசையாக இருந்தது. ஒருமுறை மார்கிரட் தேத்தண்ணி குடிக்கச் சொல்லியும் எழும்பவில்லை. "பொறு, இந்தச் சுத்தை முடிச்சுப்போட்டு வாறன்" என்றார். அவள் இத்தனை காலமும் அவருக்குச் சொல்லிவந்த வசனம் அது.

வினை வின்சன்றின் உருவத்தில் வந்தது. வின்சன்ற் அடுத்த வளவுக்காரன். கதவு தட்டும் பழக்கம் அவனுடைய பரம்பரையிலேயே இல்லை. ஒருநாள் மத்தியானம் "கனிசியசண்ணை!" என்று கூப்பிட்ட குரலும் ஆளும் ஒன்றாகவே உள்ளே வந்தன. கனிசியசின் கையில் பஞ்சு அடைத்த செம்மறி உடம்பு, தலையும் காலும் இல்லாமல். ஒளிக்க இடமில்லை. டக்கென்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கி உள்ளே திணித்து, மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். கொக்கி ஊசியும் கூடவே போய்விட்டது.

"ஆ!" என்றார் கனிசியஸ்.

வின்சன்ற் பார்த்தான். சாரம் பூசணிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. கனிசியசின் முகம் நோவில் கோணியிருந்தது.

"அண்ணை... இது எவ்வளவு நாளா?"

"எது?"

"எனக்கு மறைக்காதேங்கோ, அண்ணை. எங்கடை பெரியப்பாவுக்கும் இருந்தது. ஓதம்தானே?"

ஓதம் என்றால் ஆம்பிளைகளுக்கு விதை வீங்கிப் பெருக்கிற வருத்தம். கனிசியஸ் வாயைத் திறந்தார். வின்சன்றுக்குப் பின்னால் நின்ற மார்கிரட், முறியாத கையால் வாயைப் பொத்திக் காட்டினாள்.

"ஓம்" என்றார் கனிசியஸ். அதைச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. ஊசி இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தது.

பொழுது சாயுமுன்னம் கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. அடுத்த நாள் கனிசியஸ் சந்திக்குப் போனபோது வாங்கில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். "மெல்ல இருங்கோ, அண்ணை" என்றான் ஒருவன். இன்னொருவன் வேப்பெண்ணெய் பூசச் சொன்னான். கவிழ்த்த வள்ளத்தை அலை எட்டாத இடத்துக்கு இழுக்கக் கைகொடுக்கப் போனால், "நீங்கள் நில்லுங்கோ, பாரம் தூக்கப்படாது" என்றார்கள். பொம்பிளைகள் வழியில் அவரைக் கண்டால் இரக்கத்தோடு முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு தற்செயலாக என்பது போலக் கீழே பார்ப்பார்கள்.

சுவாமியாரும் வீட்டுக்கு வந்தார். இளம் ஆள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெக்கப்படுறதுக்கு ஒண்டுமில்லை, கனிசியஸ். உடம்பின்ரை எல்லாப் பகுதியும் கடவுள் படைச்சதுதான். ஆசுப்பத்திரியிலை சின்ன ஒப்பரேசன்தான்."

அவர் போன பிறகு கனிசியஸ் கத்தினார். "எனக்கு மானம் போகுது, மார்கிரட்! ஊர் முழுக்க என்ரை கொட்டையைப் பற்றித்தான் கதை!"

"மானம் நத்தாருக்குப் பிறகு திரும்பி வரும். தலையைப் பின்னுங்கோ. அருள் நிறைந்த மரியாயே ஒண்டு."

நத்தாருக்கு முதல்நாள் காலை செம்மறி முடிந்தது. கண்ணுக்கு, கனிசியசின் கலியாணக் கோட்டின் கறுத்தப் பொத்தான் இரண்டு. சுருள் மயிருக்கு, நூலை வளைய வளையமாக விட்டுப் பின்னியிருந்தார். மேசையில் நிற்க வைத்தபோது அது ஒரு பக்கம் சரிந்து, பிறகு ஒருவாறு நின்றது. மார்கிரட் இடது கையால் அதன் சுருளைத் தடவிப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு" என்றாள் மார்கிரட். தன் பின்னலைக்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

விளக்கெரிக்க எண்ணெயும் இல்லை, இருட்டினால் பொம்மர் பயம் வேறு. அதனால் நள்ளிரவில் வைக்கிற நத்தார்ப் பூசை அன்று பின்னேரமே தொடங்கியது. அதற்கு முன்னரே குடிலைச் சுற்றிச் சனம். மார்கிரட் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கை முறிவதற்கு முதல்நாள் இரவு ஒரே இருப்பில் பின்னி முடித்ததாகச் சொல்லி நின்றாள். குனிந்து பார்த்த இராசாத்தி நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நத்தார் வெளிச்சம்.

"இது செம்மறியோ? வால் மேலை நிமிர்ந்து நிக்குது. செம்மறிக்கு வால் தொங்கும். உது வெள்ளாடு."

எல்லாரும் குனிந்தார்கள். வால் நிமிர்ந்துதான் நின்றது.

"நடுத்தீர்வை நாளிலை செம்மறியை ஆண்டவர் வலப்பக்கம் விடுவார், வெள்ளாட்டை இடப்பக்கம் விட்டு நரகத்துக்கு அனுப்புவார். நரகத்துக்குப் போறதைக் கொண்டுவந்து பாலனுக்குப் பக்கத்திலை நிக்க வைச்சிருக்கு!"

பின்னால் ஆரோ 'மே' என்று கத்தினார்கள். சனம் கொல்லென்று சிரித்தது. மார்கிரட் போய் வாங்கில் இருந்தாள். ஆம்பிளைகள் பக்கத்தில் இருந்து பார்த்த கனிசியசுக்கு, அவள் முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்து விடுவது தெரிந்தது. பங்கருக்குள் கை முறிந்தபோதுகூட அவள் முகத்தை மறைக்கவில்லை.

பூசை நடந்தது. மன்றாட்டு வாசிக்கிற நேரம் இராசாத்தி எழுந்து முன்னுக்கு வந்தாள். நாட்டில் சமாதானம் வர மன்றாடினாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக மன்றாடினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வெளியில் சொல்ல முடியாத இடத்தில், சொல்ல முடியாத நோயால் துன்புறும் எங்கள் சகோதரர் கனிசியசுக்காக—"

கோவிலே திரும்பிப் பார்த்தது. முகத்தை அல்ல, வேட்டியை. கனிசியஸ் எழுந்தார்.

"எனக்கு ஓதமும் இல்லை, ஒரு மயிரும் இல்லை!"

கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கேட்கிற குரல் அது. வௌவால் ஒன்று பறந்தது.

"அண்டைக்கு வின்சன்ற் என்ரை சாரத்துக்குள்ளை கண்டது அந்தா நிக்கிற ஆட்டை! அதைப் பின்னினது நான்! மார்கிரட்டின்ரை கை முறிஞ்சு போச்சு. வால் நிமிர்ந்தது என்ரை பிழை, அவளின்ரை பிழையில்லை. நான் பிறந்த நாளிலை இருந்து மீனின்ரை வாலைத்தான் பாத்தனான், ஆட்டின்ரை வாலை ஆர் பாத்தது? சிரிக்கிறதெண்டால் என்னைப் பாத்துச் சிரியுங்கோ!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இராசாத்திதான் முதலில் மூச்சு விட்டாள்.

"ஐயோ சுவாமி! சாரத்துக்குள்ளை கிடந்ததையோ பாலனுக்குப் பக்கத்திலை..."

எல்லாரும் சுவாமியாரைப் பார்த்தார்கள். அவர் பீடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாட்டுச் சாணத்துக்கு மேலை பிறந்தவருக்குக் கனிசியசின்ரை சாரம் பெரிய காரியமில்லை" என்றார். "பூசை முடியட்டும். ஆரும் ஊசி கொண்டுவந்து வாலைக் கீழே மடிச்சுத் தையுங்கோ."

அப்போதுதான் கோவில் வெடித்தது. சிரித்த சிரிப்பில் பாடல்காரருக்குச் சுருதி பிடிக்கவே நேரம் எடுத்தது. அந்த நாட்களில் குருநகர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மார்கிரட் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். கோவிலில் தூசணம் பேசியதற்குத்தான் கோபம் என்று கனிசியஸ் நினைத்தார்.

"அருள் நிறைந்த மரியாயே சொல்லுறன்" என்றார், மெதுவாக.

"அதுக்கில்லை" என்றாள் அவள். "அத்தனை சனத்துக்கு முன்னாலை 'பின்னினது நான், பின்னினது நான்' எண்டு கத்தினியளே. ஒவ்வொரு கண்ணியும் ஆர் சொல்லித் தந்தது? நான் தொண்டை கிழியக் கத்தினது எந்தக் கணக்கிலை? 'நாங்கள்' எண்டு ஒரு சொல் உங்கடை வாயிலை வரேல்லையே!"

கனிசியஸ் அப்படியே தெருவில் நின்றுவிட்டார். அவள் திரும்பிப் பாராமல் முன்னே நடந்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு சொல்.

புது வருடப் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, வெளியே வந்த ஒவ்வொருவரையும் மறித்து மறித்துச் சொன்னார். "அந்தச் செம்மறி, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பின்னினது. வாய் அவளின்ரை, கை என்ரை. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சுது, அண்ணை" என்றான் வின்சன்ற். "அப்ப ஓதம் ஆரின்ரை?"

கனிசியஸ் செருப்பைக் கழற்றினார். வின்சன்ற் ஓடினான். இத்தனை கிழமையாகப் பாரம் தூக்கக் கூடாது என்று ஊர் தடுத்து வைத்திருந்த மனுசன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் பாய்ந்து பாய்ந்து துரத்துவதைப் பொம்பிளைகள் நன்றாகப் பார்த்தார்கள். மார்கிரட் வாசற்படியில் நின்று, வருகிறவர்களிடம் புது வருட வாழ்த்தை இடது கையால் வாங்கிக்கொண்டிருந்தாள்.