பதினான்கு ஓட்டு

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையிலிருந்து, மணிச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட பதினான்கு பேரின் நெஞ்சிலும் மணி அடிக்கத் தொடங்கியது. மூச்சை இழுத்தால் ஒன்று, விட்டால் ஒன்று. கடிகாரம் பழுதுபார்க்கிறவர் நடத்திய அந்தக் கட்சிக்கு விழுந்ததே மொத்தம் பதினான்கு. பெரிய கட்சி தோற்றது பதினோரு ஓட்டில். நமக்கு வரவேண்டிய ஓட்டைத் தின்றவர்கள் யார் என்று பெரிய கட்சி ஆட்கள் வீடு வீடாகச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். கடிகாரக்காரரைத் தொடவில்லை, வேட்பாளரைத் தொட்டால் பேப்பரில் வந்துவிடும். மணி கேட்ட மருந்துக்கடைக்குப் பூட்டு விழுந்தது. தபால்காரரை விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது.

தையல்காரிக்குத் தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே அடித்தது. தேடுகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற காரை ஓட்டுகிறவனே அவள் புருஷன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. நூல் தீர்ந்தது தெரியாமல் மிதித்தாள். "ஏம்மா, தைக்கக் குடுத்தேனா, சல்லடை போடக் குடுத்தேனா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் துணியை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். புருஷனும் அந்த வாரம் சாப்பிட வந்தால் வாசலில் காரை அணைப்பதில்லை. எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் சொன்னான்: "பன்னெண்டு பேர் கிடைச்சாச்சு. மிச்சம் ரெண்டு. இந்தத் தெருதானாம்."

"நமக்கென்ன, சாப்பிடுங்க."

"அதை நிறுத்தேன்."

"அவசரத் துணிங்க."

"நூலே இல்லாம என்னடி அவசரம்?"

அவள் கால் தானாக நின்றது. அதே நேரம் பெட்ரோல் தீர்ந்து வாசலில் காரும் இருமிவிட்டு நின்றது. வீடு முழுக்க மணி. அவள் முந்தானையை வாயில் திணித்து மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அப்போதும் மணி அடித்தது.

அவன் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "மிதி," என்றான் மெதுவாக. "நிறுத்தாம மிதி."

அடுத்த தேர்தலில் பெரிய கட்சித் தலைவர் கடிகாரக் கடையில் முக்காலி போட்டுக் காத்திருந்து கூட்டணி பேசினார். மணி கேட்டால் இப்போது எழுந்து வழிவிடுகிறார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் மெஷின் நிற்பதில்லை. அவள் கால் ஓய்ந்தால் அவன் மிதிக்கிறான்.